கன்னியாகுமரி மாவட்டத்தில் சூழல் நீதியும் மக்கள் பங்கேற்பும்

ஒரு சுரங்கம், துறைமுகம், ஆலை அல்லது குப்பைக் கிடங்கால் விளையும் நன்மையும் தீமையும் மக்களிடையே நேர்மையாகப் பகிரப்பட வேண்டும் என்னும் கருத்தே சூழல் நீதி எனப்படும். தீமையைச் சுமக்கப்போகிறவர்களுக்கு, முடிவு எடுக்கப்படும் முன்பே முழு விவரமும் தெரிய வேண்டும், பேசுவதற்கு இடமும் வேண்டும் என்பது இதன் மற்றொரு கூறு. முதல் கூறு பங்கீட்டைப் பற்றியது. இரண்டாவது நடைமுறையைப் பற்றியது. தமிழ்நாட்டின் தென்கோடியில் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில் மலை, வயல், கடல் ஆகிய மூன்றும் குறுகிய பரப்பில் நெருங்கி அமைந்துள்ளன. அதனால் இவ்விரு கூறுகளும் இங்கு அடிக்கடி பேசுபொருளாகின்றன. இந்தக் கட்டுரை மாவட்டத்தில் நிகழ்ந்த முதன்மையான சூழல் பிரச்சினைகளையும், சட்டமும் மாநிலத் திட்டங்களும் மக்கள் பங்கேற்புக்குத் தரும் வாய்ப்புகளையும் விளக்குகிறது.

கருத்தின் தோற்றம்

சூழல் நீதி என்னும் சொல் அமெரிக்காவில் பரவலானது. 1982-இல் வட கரோலினா மாநிலத்தின் வாரன் கவுண்டியில், நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைக் கொட்டுவதற்கு, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதை எதிர்த்து நடந்த போராட்டம் நாடு முழுவதும் கவனம் பெற்றது. 1994-இல் அதிபர் பில் கிளிண்டன் இதற்கென ஓர் ஆணை பிறப்பித்தார். அந்த ஆணை 2025-இல் நீக்கப்பட்டது. எனினும் நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் தங்களுக்கெனத் தனிச் சட்டம் வைத்துள்ளன.

1992-இல் நடைபெற்ற ரியோ மாநாட்டுப் பிரகடனத்தின் 10-ஆம் கொள்கை மூன்று உரிமைகளைக் குறிப்பிடுகிறது. அவை தகவல் பெறும் உரிமை, முடிவெடுப்பதில் பங்கேற்கும் உரிமை, நீதி பெறும் உரிமை ஆகியன. உலகெங்கும் சூழல் நீதி பற்றிய பேச்சு இந்த மூன்றையே அடித்தளமாகக் கொண்டுள்ளது.

இந்தியாவில் சூழல் நீதி என்ற பெயரில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அதன் உள்ளடக்கம் பல சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது. அரசியலமைப்பின் 48அ, 51அ(எ) உறுப்புகள் சூழலைக் காப்பதை முறையே அரசின் கடமையாகவும் குடிமக்களின் கடமையாகவும் கூறுகின்றன. இவை 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டன. மாசற்ற நீரையும் காற்றையும் பெறுவது, 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. 1996-இல், பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் இரண்டு கொள்கைகளை அந்நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஒன்று, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது. மற்றது, தீங்கு உறுதியாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்பது. இவ்வாறு இக்கொள்கைகள் இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது ஒரு தமிழ்நாட்டு வழக்கின் வழியாகத்தான்.

மாவட்டத்தின் இயற்கை அமைப்பு

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாடு, குளங்களும் கால்வாய்களும் பாயும் நெல் வயல்களுக்குப் பெயர்பெற்றது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ரப்பரும் தென்னையும் மிகுதி. வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகள் உள்ளன. அங்கு காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தெற்கிலும் தென்மேற்கிலும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளத்துக்கு விரியும் கடற்கரையில் மீனவ ஊர்கள் அடுத்தடுத்து நெருங்கி அமைந்துள்ளன.

இடநெருக்கடி இம்மாவட்டத்தின் அடிப்படை உண்மை. மலையில் பாறை உடைத்தால் ஆற்றிலும், ஆற்றில் கழிவு விட்டால் குளத்திலும் பொழிமுகத்திலும், கரையில் மணல் எடுத்தால் ஊரிலும் அதன் விளைவு தெரியும். ஒரு திட்டத்தின் பயன் ஓரிடத்துக்கும், அதன் சுமை வேறிடத்துக்கும் போய்ச் சேருவது இங்கு எளிதில் நிகழ்கிறது.

தாது மணல்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்குத் துப்புக் கொடுத்தது. அக்காலத்தில் காஸ் விளக்குகளின் மாண்டில் செய்வதற்கு, மோனசைட்டிலிருந்து கிடைக்கும் தோரியம் தேவைப்பட்டது. விரைவிலேயே மணவாளக்குறிச்சியில் ஆலை அமைந்தது. இன்று அது இந்திய அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் அரிய மணல் ஆலையாக உள்ளது. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட் ஆகியவையும் இங்கு பிரித்தெடுக்கப்படுகின்றன.

தனியார் தாது மணல் அகழ்வுக்குத் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை விதித்தது. 2019-இல் மத்திய அரசின் விதித் திருத்தம் கடற்கரைத் தாது மணலை அரசு நிறுவனங்களுக்கு மட்டும் ஒதுக்கியது.

கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய கிராமங்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுப்பதற்கு ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டது. இதற்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2024 அக்டோபர் 1 அன்று நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. மீனவ ஊர்களில் கடும் எதிர்ப்பு எழுந்ததால் அது தள்ளிவைக்கப்பட்டது.

இப்பிரச்சினையில் இரு தரப்பு வாதங்களும் அறியத்தக்கவை. கதிரியக்கம் உள்ள மோனசைட் இயற்கையாகவே இம்மணலில் உள்ளது, அதைப் பிரித்தெடுப்பதால் கரையின் கதிர்வீச்சு குறையும், எடுத்த குழி மீண்டும் நிரப்பப்படும், வேலைவாய்ப்பும் பெருகும் என்பது நிறுவனத்தின் வாதம். தோண்டுவதும் பிரிப்பதும் தாதுக்களைக் காற்றிலும் நீரிலும் கலக்கச் செய்யும், புற்றுநோய் அச்சம் கூடும், கடலரிப்பைத் தாங்கும் மணல் மேடுகள் குறையும் என்பது கரையோர மக்களின் வாதம். கரை என்பது மீனவருக்கு வெறும் மணல் அன்று. வள்ளம் ஏற்றிவைப்பதும், கரமடி இழுப்பதும், வலை பழுதுபார்ப்பதும், மீன் உலர்த்துவதும் அங்கேதான்.

துறைமுகத் திட்டம்

2016 ஜூலை 5 அன்று மத்திய அமைச்சரவை, இனயத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் அமைக்கக் கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. வீடுகளும் மீன்பிடிப் பகுதியும் பறிபோகும் என்று மீனவர்கள் எதிர்த்தனர். துறைமுகம் வந்தால் தொழில் வளரும் என்று மாவட்டத்தின் மற்றொரு பிரிவினர் ஆதரித்தனர். பின்னர் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் இடைப்பட்ட பகுதி மாற்று இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. திட்டம் செயலுக்கு வரவில்லை. பாதிக்கப்படுவோருடன் முதலில் பேசாமல் இடத்தை மட்டும் மாற்றினால், பிரச்சினையும் இடம் மாறுமேயன்றித் தீராது என்பதை இது காட்டுகிறது.

இம்மாவட்டக் கடலோரத்தில் இத்தகைய இயக்கங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்னும் பொருள்பட்ட முழக்கத்துடன் தேசிய மீனவர் பேரவை நடத்திய கடலோரப் பயணம், இந்தியாவின் கிழக்கு, மேற்குக் கரைகளின் வழியே வந்து 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் முடிந்தது. அன்று அங்கு காவல்துறையின் துப்பாக்கிச்சூடும் நிகழ்ந்தது.

நீர்நிலைகள்

நாஞ்சில் நாட்டில் சூழல் நீதி என்பது பெரும்பாலும் குளத்தைப் பற்றியது. குளம் தூர்ந்தாலோ ஆக்கிரமிக்கப்பட்டாலோ முதலில் இழப்பவர் கடைமடை விவசாயி. சுசீந்திரம் – தேரூர் ஈரநில வளாகமும் வேம்பனூர் ஈரநில வளாகமும் 2022-இல் ராம்சர் தலங்களாக அறிவிக்கப்பட்டன. வலசைப் பறவைகள் வந்து தங்கும் இக்குளங்கள் பாசனத்துக்கும் பயன்படுகின்றன. ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017 ஆக்கிரமிப்பையும், நிலப் பயன்பாட்டு மாற்றத்தையும், குப்பை கொட்டுவதையும், சுத்திகரிக்காத கழிவுநீர் விடுவதையும் தடை செய்கின்றன. அவ்வாறு நிகழ்ந்தால் படத்துடனும், தேதி, புல எண் ஆகிய விவரங்களுடனும் புகார் அளிக்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு.

பொதுமக்கள் கருத்துக் கேட்பு

சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை முதன்முதலில் 1994-இல் வெளியானது. 1997-இல் அதில் கருத்துக் கேட்பு கட்டாயமாக்கப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. அதன்படி கருத்துக் கேட்பின் முக்கியக் கூறுகள் வருமாறு:

1. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கூட்டத்தை நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும்.

2. திட்டம் அமையும் இடத்திலோ அதற்கு அருகிலோ கூட்டம் நடக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும்.

3. வரைவு மதிப்பீட்டு அறிக்கையும், வட்டார மொழியில் அதன் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் முதலிய இடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

4. கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை எதுவும் தேவையில்லை.

5. எழுப்பப்பட்ட கருத்துகளின் தொகுப்பு, கூட்டத்தின் முடிவில் வட்டார மொழியில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். அதே நாளில் தலைமை அலுவலர் அதில் கையொப்பமிட வேண்டும்.

6. நேரில் வர இயலாதவர்கள் எழுத்து மூலமும் கருத்துத் தெரிவிக்கலாம்.

கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அன்று. பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள் என்பதால் மட்டும் திட்டம் நிராகரிக்கப்படாது. ஆனால் எழுப்பப்பட்ட ஒவ்வொரு ஆட்சேபத்தையும் மதிப்பீட்டுக் குழு கருத வேண்டும், அதை ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று 2009-இல் உத்கர்ஷ் மண்டல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. ஆகவே முழக்கத்தைவிட, தெளிவான கேள்விக்கே பயன் அதிகம். "இத்திட்டம் வேண்டாம்" என்பது பதிவாகும். "அறிக்கையின் இந்தப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிணறுகள் கணக்கில் வரவில்லையே, ஏன்?" என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நடைமுறையில் குறைகளும் உள்ளன. மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகரைத் திட்ட நிறுவனமே நியமித்து ஊதியம் தருகிறது. முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. தூத்தூர் வட்டார மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். அவர்கள் கரையில் இல்லாத நாளில் கூட்டம் நடந்தால் அவர்களது கருத்து பதிவாகாது. சிறு குவாரிகள் உள்ளிட்ட 'பி2' வகைத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பே தேவையில்லை.

2025-ஆம் ஆண்டின் விலக்கு

2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணு கனிமங்களுக்கும், முக்கிய மற்றும் உத்திசார் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அது விலக்கு அளித்தது. பாதுகாப்புத் தேவை, அருமண் தனிமங்களின் தட்டுப்பாடு ஆகியவை இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. மோனசைட் உள்ள கடற்கரை மணல் அணு கனிமப் பட்டியலில் வருகிறது. எனவே இந்த விலக்கு கிள்ளியூர்க் கரையை நேரடியாகத் தொடுகிறது. இதைத் திரும்பப் பெறக் கோரித் தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதே மாதம் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

நாட்டுக்குக் கனிமம் தேவை என்பது ஒரு கேள்வி. அது எடுக்கப்படும் மண்ணில் வாழ்பவரைக் கேட்க வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்று பதில் வந்தாலும், இரண்டாவது அதனால் தீர்ந்துவிடுவதில்லை. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுப்பது குறித்து, வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் கிராம சபைகளே கருதி முடிவு சொல்ல வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் திட்டத்தை மறுத்தன.

கருத்துக் கேட்பு இல்லாதபோதும் சில வழிகள் எஞ்சியுள்ளன. மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் கடமையும், நிபுணர் குழுவின் பரிசீலனையும் நீங்கவில்லை. விண்ணப்பங்களையும் குழுக் கூட்டக் குறிப்புகளையும் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் காணலாம். குழு கூடும் முன் எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்பலாம். அனுமதி வழங்கப்பட்டால் அதைத் திட்ட நிறுவனம் நாளிதழ்களில் விளம்பரப்படுத்த வேண்டும். அனுமதியின் நிபந்தனைகள் நிறைவேறியதைப் பற்றிய அரையாண்டு அறிக்கைகள் பொது ஆவணங்கள்.

பங்கேற்புக்கான பிற வாய்ப்புகள்

கிராம சபை: தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் கீழ் ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது. இங்கு நிறைவேறும் தீர்மானம் ஊரின் கருத்துக்கு எழுத்துச் சான்றாகும். தீர்மானப் பதிவேட்டில் அது சரியாக எழுதப்பட்டதா என்பதைக் கூட்டம் கலையும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. காணிக்காரர் வாழும் பகுதிகளில், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமைக் கோரிக்கைகள் தொடங்குவதும் கிராம சபையிலேயே.

குறைதீர்க்கும் கூட்டங்கள்: நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் பொதுமக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறுகிறது. விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் தனித்தனிக் கூட்டங்கள் உண்டு. மனுவுக்கு ஒப்புகை எண் பெறுவது அவசியம்.

மாவட்டக் கடலோரக் குழு: கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி ஆட்சியர் தலைமையில் அமையும் இக்குழுவில், மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இடம்பெற வேண்டும்.

பல்லுயிர் மேலாண்மைக் குழு: 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இக்குழு இருக்க வேண்டும். ஊரின் உயிரினங்களையும் அவற்றைப் பற்றிய மரபறிவையும் தொகுக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் மாணவர்கள் பெரிதும் உதவ முடியும். பின்னாளில் ஒரு மதிப்பீட்டு அறிக்கை "இங்கு குறிப்பிடத்தக்க உயிரினம் இல்லை" என்று கூறினால், அதற்கு மறுப்பாக நிற்கக்கூடிய ஆவணம் இப்பதிவேடு.

தகவல் அறியும் உரிமை: 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஆலைகளுக்கு வழங்கப்பட்ட இசைவாணை, நீர் மற்றும் காற்று ஆய்வு முடிவுகள், குவாரி அனுமதிகள் ஆகியவற்றை இவ்வழியில் பெற முடியும்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம்: 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் அனுமதிக்கப்படும். பிற சூழல் வழக்குகளுக்கு ஆறு மாதமும், இழப்பீட்டுக் கோரிக்கைக்கு ஐந்து ஆண்டும் காலவரம்பு. 2024 டிசம்பரில், அண்டை மாவட்டமான திருநெல்வேலியில் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவை அம்மாநிலமே அகற்ற வேண்டும் என்று இத்தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கழிவு லாரிகளில் திருப்பி அனுப்பப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நடைமுறையில் செயல்பட்டதற்கு இது அண்மைக்கால எடுத்துக்காட்டு.

மாநில அரசின் திட்டங்கள்

தமிழ்நாடு அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் ஆகியவற்றை நடத்துகிறது. காலநிலை மாற்ற இயக்கத்துக்கு மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமை வகிக்கிறார். மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலராகச் செயல்படுகிறார். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது.

மரம் நடுதல், பை மாற்றுதல் ஆகியவை நற்செயல்கள். ஆனால் அவை பங்கேற்பின் ஒரு படி மட்டுமே. நாற்று நடுவதற்கு மக்களை அழைக்கும் அதே அக்கறை, எந்த நிலத்தில் என்ன வரப்போகிறது என்று முடிவு செய்யும் இடத்துக்கும் அழைப்பதில் இருந்தால்தான் சூழல் நீதி முழுமை பெறும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் இதை வேறு வகையில் உணர்த்தியது. புயல் எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்த மீனவர்களைச் சென்றடையவில்லை. சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, தூத்தூர் உள்ளிட்ட ஊர்களைச் சேர்ந்த பலர் திரும்பவில்லை. தகவல் ஓரிடத்தில் இருப்பதும், அது தேவைப்படுபவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேருவதும் ஒன்றல்ல.

மாணவர்கள் செய்யக்கூடியவை

தங்கள் ஊரைச் சுற்றி எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்று பரிவேஷ் தளத்தில் பார்க்கலாம். வரைவு அறிக்கையின் ஆங்கிலப் பகுதிகளை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லலாம். குளத்தின் நீர்மட்டம், பறவைகளின் வருகை, கடலரிப்பின் அளவு ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறித்து வைக்கலாம். 18 வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ந்ததும் கிராம சபையில் பேசலாம், தீர்மானத்தில் கையெழுத்திடலாம். ஓர் ஊர் தன் குளத்தையும் கரையையும் பற்றி ஆண்டுதோறும் எழுதி வைத்த குறிப்பேடு, அலுவலகத்திலும் தீர்ப்பாயத்திலும் அந்த ஊருக்காகப் பேசும் சான்றாக நிற்கும்.